ஏழடிப்பட்டத்துக்கு ஏறுகிறவர்கள்

காணும் பொங்கலன்று காலை எட்டு மணிக்கே அன்னவாசல் சாலையில் கூட்டம் தொடங்கிவிட்டது. டாடா ஏஸ் வண்டிகளில் தெருவே கிளம்பி வந்திருக்கிறது. மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க்கில் ஒரு பிள்ளை, நடுவில் இன்னொன்று, பின்னால் மடியில் தூக்குவாளியோடு தாய். ஒயர் கூடைகளில் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். கையில் கரும்புத் துண்டு இல்லாத பிள்ளை அரிது.

சித்தன்னவாசல் குன்று வடக்கு தெற்காக நீண்டு படுத்திருக்கிறது. உயரம் ஏறத்தாழ 70 மீட்டர்தான். ஏறி இறங்க மூச்சு வாங்கும், ஆனால் யாரையும் விரட்டாது. புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே 16 கிலோமீட்டர் என்பதால் சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கு இது கைக்கெட்டிய இடம். அடிவாரத்தில் பூங்கா இருக்கிறது. ஊஞ்சல், சறுக்கு, படகு எல்லாம் உண்டு. வண்டியை விட்டு இறங்கியதும் பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் ஓடுகின்றன. பூங்காவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வருஷமெல்லாம் வயல் வேலைக்கும் கொத்து வேலைக்கும் போகிற குடும்பம் ஒருநாள் வந்து உட்கார நிழல் வேண்டும்தானே. ஆனால் என் கண் குன்றின் பக்கம் திரும்புகிறவர்கள் மேலேயே இருந்தது. படி தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பாறையின் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

வந்தது ஆறு பேர் உள்ள குடும்பம். அப்பத்தா, மகன், மருமகள், பத்து வயதுப் பேத்தி, அவளைவிடச் சிறிய பேரன், மருமகளின் தம்பி. அப்பத்தா படியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நா இங்கனயே உக்காந்துருக்கேன். நீங்க போயிட்டு வாங்க."

"ஏன் அத்தே, கொஞ்ச தூரந்தான். பைய ஏறலாம்."

"முட்டி கேக்கணுமே தாயி."

பேரன் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்து அப்பத்தாவின் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தான். அவ்வளவுதான், ரப்பர் செருப்பைக் கழற்றி மருமகளின் பையில் போட்டுவிட்டு ஏறத் தொடங்கிவிட்டார். அவர்கள் போகும் வேகத்துக்கு ஏற்ப, பத்தடி விட்டு நானும் ஏறினேன்.

சில இடத்தில் பாறையிலேயே வெட்டிய படிகள், சில இடத்தில் வெறும் சாய்ந்த பாறை. வெறுங்காலில் ஏறுவதுதான் நல்லது, பாறை காலைப் பிடித்துக்கொள்கிறது. தை மாதக் காலையில் கல் குளிர்ந்து கிடக்கும். இதே பாறையில் சித்திரை மாத நண்பகலில் கால் வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த சிறு குழிகளில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. ஒரு குழியருகே பேரன் குந்தி உட்கார்ந்து, தண்ணீரில் நெளிந்த ஏதோ ஒரு பூச்சியை வெகுநேரம் பார்த்தான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. அப்பத்தாவுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. குடும்பத்தோடு நடக்க ஏற்ற பாதைக்கு இதைவிட வேறு என்ன இலக்கணம் வேண்டும்? பிள்ளை நிற்கும் இடத்தில் பெரியவர் இளைப்பாற வேண்டும், பெரியவர் உட்காரும் இடத்தில் பிள்ளைக்குப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். இந்தக் குன்றில் இரண்டும் தானாக அமைந்திருக்கிறது.

உச்சிக்கு வந்தால் காற்று. மேற்கே கண்மாய்கள் தகடு தகடாக மின்னுகின்றன. இடையிடையே தைல மரத் தோப்புகள், ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில். மகன் கையை நீட்டி ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பத்தா ஒரு கண்மாயைக் காட்டி, அது கலுங்கு வழிந்த வருஷத்தையும் அந்த வருஷம் யாருக்குக் கல்யாணம் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

உச்சியைத் தாண்டிக் கிழக்குச் சரிவில் திரும்பும்போதுதான் பாதை குறுகுகிறது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம். இப்போது இரும்புக் கம்பித் தடுப்பு இருப்பதால் பயமில்லை. பழங்காலத்தில் அதெல்லாம் கிடையாது. பாறையில் வெட்டிய ஏழு குழிகளில் கால் பதித்துத்தான் குகைக்குப் போயிருக்கிறார்கள். ஏழடிப்பட்டம் என்ற பெயர் அதனால் வந்தது. மருமகளின் தம்பி குழிகளைக் காட்டினார். பேத்தி தன் பாதத்தை ஒன்றில் வைத்துப் பார்த்தாள். குழி பெரியது, பாதம் சிறியது. அப்பத்தாவும் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி தன் காலை வைத்தார். வெடித்த குதிகால், தேய்ந்து மெலிந்த மெட்டி. அந்தக் குழிக்குள் அவர் பாதம் சரியாக உட்கார்ந்தது. "நம்ம கால் அளவுதான்" என்றார், தெரிந்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல.

குகை, இயற்கையாக அமைந்தது. தரையில் 17 படுக்கைகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் கல்லையே சற்று உயர்த்தித் தலையணையாக விட்டிருக்கிறார்கள். வழவழப்பு இன்னும் போகவில்லை. கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். பேரன் கம்பிகளுக்கிடையே மூக்கை நுழைத்து எண்ணினான். நடுவில் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

"இந்தக் கல்லுலயா படுத்தாக?"

"ஆமா ஆத்தா. சமண சாமியாருக."

"குளுராதா? இடுப்பு என்னத்துக்காகும்?"

மகனிடம் பதில் இல்லை. அப்பத்தா கேட்டது சரியான கேள்வி. உடம்பை ஒரு பொருட்டாக நினைக்காமல் வாழ்வதற்கென்றே அவர்கள் இங்கே வந்தார்கள். உண்ணாநோன்பிருந்து உயிரை விடுவதும் அவர்களுடைய தவநெறியில் ஒன்று. மிகப் பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்கு, சிறுபாவில் இளையர் செய்து கொடுத்த இருக்கை இது என்பது செய்தி. எருமிநாடு என்பதை மைசூர்ப் பக்கம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு துறவி அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார், உள்ளூர்க்காரர் ஒருவர் அவருக்குக் கல்லில் இடம் செய்து கொடுத்திருக்கிறார். பின்னால் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த துறவிகளின் பெயர்களும் மற்றப் படுக்கைகளில் இருக்கின்றன.

வேலிக்கு வெளியே உள்ள பாறையிலும் பெயர்கள் இருக்கின்றன. ஆணியாலும் சில்லாலும் கீறிய பெயர்கள், நடுவில் அம்பு பாய்ந்த இதயம், தேதி. பேத்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவங்க மட்டும் பேரு எழுதியிருக்காங்க. நாம ஏம்மா எழுதக்கூடாது?"

அந்தத் தாய் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவுக இங்கனயே இருந்தாக. நாம பாத்துட்டுப் போறவுக."

அந்த வாக்கியத்தை அப்படியே பலகையில் எழுதி அடிவாரத்தில் வைக்கலாம். "சேதப்படுத்தினால் தண்டனை" என்ற அறிவிப்பைவிட இது பிள்ளைகளுக்குப் புரியும்.

குன்றின் மேல் நாவல்சுனை என்று ஒரு சுனையும் உண்டு. தண்ணீருக்குள்ளே பாறையைக் குடைந்து ஒரு சிவலிங்கம். நீரை இறைத்தால்தான் தெரியும். இன்று சுனை நிறைந்திருந்தது. இந்தக் குடும்பம் அந்தப் பக்கம் போகவில்லை. பேரனுக்குப் பசி வந்துவிட்டது.

கீழே இறங்கி, சாலையில் சற்று நடந்தால் மேற்குச் சரிவில் அறிவர் கோயில். பாறையைக் குடைந்து செய்த சிறிய சமணக் கோயில். முகப்புத் தூண்கள் புதுக்கோட்டைச் சமஸ்தான காலத்தில் சேர்த்தவை. உள்ளே சிறு சிறு கும்பலாகத்தான் விடுகிறார்கள். வாசலில் நிற்கும் காவலருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது இருக்கும். காலையிலிருந்து ஒரே செய்தியை எத்தனையோ கும்பலுக்குச் சொல்லியிருப்பார். குரலில் சலிப்பு இல்லை.

"தொடாதீக. செல்போன் லைட்ட அடிக்காதீக. மொதல்ல கண்ணு பழகட்டும், அப்பறம் மேல பாருங்க."

கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கூரையிலிருந்து ஒரு தாமரைக் குளம் மெல்ல வெளியே வந்தது. பச்சை இலைகள், அவற்றினூடே செந்தாமரை, வெண்தாமரை. காவலர் குச்சியை எட்ட நின்று நீட்டி ஒவ்வொன்றாகக் காட்ட முயன்றார். அதற்கு முன்பே அப்பத்தாவின் கை மேலே போய்விட்டது.

"அந்தா, எருமை. தண்ணிக்குள்ள கெடக்கு பாரு, கொம்பு தெரியுதா?"

பேரனுக்குத் தெரியவில்லை. அப்பத்தா அவன் தலையைப் பிடித்துத் திருப்பினார். "அதுக்கு இந்தாண்ட மீனு. இலைய ஒதுக்கிக்கிட்டு வருது. அந்தாளு பூப்பறிக்கிறான். தண்டோட பறிச்சுத் தோள்ல போட்டுருக்கான் பாரு. நாங்களும் கம்மாயில அப்படித்தான் பறிப்போம், வெறும் பூவக் கிள்ளுனா வாடிப்போகும்."

காவலர் குச்சியை இறக்கிவிட்டார். "ஆத்தா சொல்றது சரிதான்" என்றார். பக்கத்தில் நின்ற வேறு குடும்பத்துப் பிள்ளைகளும் இப்போது அப்பத்தாவை நெருங்கி நின்றன. யானை எங்கே, அன்னம் எங்கே என்று கேட்டன.

படித்தவர்கள் இந்த ஓவியத்தைச் சமண மரபின்படி விளக்குகிறார்கள். தீர்த்தங்கரரின் உபதேச மண்டபத்துக்குப் போகும் வழியில் பக்தர்கள் கடந்து செல்லும் பொய்கை, அதில் இறங்கிப் பூக்கொய்யும் அடியார்கள் என்பது விளக்கம். அது சரியே. ஆனால் ஓவியர் வரைந்தது இந்தச் சீமையின் குளத்தை. எருமை நீரில் கிடக்கும் விதம், மீன் இலையடியில் திரும்பும் விதம், தண்டைத் தோளில் சார்த்தும் விதம் எல்லாம் கரையில் உட்கார்ந்து பார்த்தவரின் கையால் வந்தவை. அதனால்தான் கண்மாய்க் கரையில் வளர்ந்த ஒரு பெண்ணால் யாரும் சொல்லித் தராமலே அதைப் படிக்க முடிகிறது.

பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்து முன்மண்டபம் எடுத்ததாக இங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. ஓவியத்துக்குப் பாறைமேல் மெல்லிய சுதைப் பூச்சு, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை, கரி கறுப்பு, காவி மண்ணின் சிவப்பும் மஞ்சளும், மண்ணிலிருந்து எடுத்த பச்சை. 1930களில் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் இந்தப் பூச்சையும் வண்ணங்களையும் ஆராய்ந்தார். தூண்களில் ஆடல் மகளிர் இருவர் இருக்கிறார்கள், ஓர் அரசனும் அரசியும் இருக்கிறார்கள். இப்போது கோடுகள்தான் மிச்சம். ஒருத்தியின் நீட்டிய கையும் சாய்ந்த இடையும் தெரிகின்றன, மற்றதை நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஈரமும் புகையும் கைபட்டதும் சேர்ந்து எடுத்துக்கொண்டு போனது இவ்வளவு. ஆயிரம் ஆண்டுக்கு மேல் தாங்கிய பூச்சை ஒரு பிள்ளையின் விரல் நகம் நொடியில் பெயர்த்துவிடும். காவலர் சத்தம் போடுவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாகக் காவலர் எல்லோரையும் பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கருவறைக்குள் போனார். மூன்று சமணத் திருமேனிகள் அமர்ந்திருக்கும் சின்ன அறை. மேற்கூரையில் சக்கரம்போல் வட்டத்துக்குள் வட்டமாகச் செதுக்கியிருக்கிறார்கள். நடுவில் நின்று, வாயை மூடியபடி அடிவயிற்றிலிருந்து ஒரு ரீங்காரம் எழுப்பினார். அவர் நிறுத்திய பிறகும் அறை நிறுத்தவில்லை. பேரன் அம்மாவின் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டான். பேத்தி, "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்றாள். அடுத்த கும்பல் வெளியே காத்திருந்தது. ஆனாலும் காவலர் இன்னொரு தடவை செய்து காட்டினார்.

சாப்பாட்டுக்கு மர நிழலில் உட்கார்ந்தார்கள். சாலையின் ஓரமெல்லாம் கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் சிதறிக் கிடக்கின்றன, பெருங்கற்கால மக்களின் ஈமச் சின்னங்கள். படுக்கைகளை வெட்டியவர்களுக்கும் முந்தியவர்கள். இவற்றைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லாததால் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பிற்பகலில் நான் நார்த்தாமலைக்குப் போனேன். புதுக்கோட்டை – திருச்சி சாலையை ஒட்டிய ஊர். பங்குனித் திருவிழாவுக்கு முத்துமாரியம்மனிடம் காவடி சுமந்து வராத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு. ஆனால் அம்மனைக் கும்பிட்டவர்களில் எத்தனை பேர் ஒரு தடவையாவது மேலமலை ஏறியிருப்பார்கள் என்று எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது. ஒன்பது குன்றுகள் சூழ்ந்த ஊர் இது. மேலமலைக்குப் படி கிடையாது. அகன்ற வழுக்குப் பாறையில் நடந்தே ஏற வேண்டும். நடக்கத் தெரிந்த பிள்ளை ஏறிவிடும், இறங்கும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதையில் தலையருவிச் சிங்கம் என்ற சுனை. சித்தன்னவாசலைப் போலவே இதற்குள்ளும் நீருக்கடியில் ஒரு லிங்கம். புதுக்கோட்டை மன்னர் ராமச்சந்திரத் தொண்டைமானின் மூத்த ராணி நீரை இறைத்து வழிபட்டதாகப் பக்கத்தில் கல்வெட்டு இருக்கிறது.

மேலே விஜயாலய சோழீச்சரம். வட்டமான கருவறை, அதைச் சுற்றிச் சதுரச் சுவர், சுற்றிலும் சிறு கோயில்கள். மேற்கே பார்த்த கோயில். எதிரே பாறைச் சரிவில் இரண்டு குடைவரைகள். இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி மழையில் இடிந்ததாகவும், மல்லன் விடுமன் புதுப்பித்ததாகவும் கல்வெட்டு சொல்கிறது. கட்டியவர் பெயரோடு செப்பனிட்டவர் பெயரையும் எழுதிவைத்த ஊர் இது. பெரிய குடைவரையின் மண்டபத்தில் ஆளுயரத்துக்கு 12 திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே ஒரு தகப்பன் தன் இரு பெண்களை நிறுத்தி வைத்து, பன்னிரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இளையவள் வெகுநேரம் முயன்றுவிட்டு, "எல்லாம் ஒரே சாமிதாம்ப்பா" என்றாள். சரியான விடை.

சிறிய குடைவரை பழியிலீசுவரம். நிருபதுங்க பல்லவனின் 7ஆம் ஆட்சியாண்டில் முத்தரையர் குலத்துச் சாத்தன் பழியிலி குடைந்தது. அதற்கு முன்னே மண்டபமும் நந்தியும் எடுத்தவர் அவருடைய மகள் பழியிலி சிறியநங்கை. மண்டபத்தின் அடித்தளம்தான் இன்று இருக்கிறது. அந்த இரு பெண்பிள்ளைகளும் அதன்மேல் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தார்கள். அதைக் கட்டியது ஒரு பெண் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தகப்பனே சொல்லிவிட்டார். மூத்தவள் மிட்டாய்த் தாளை மடித்துப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டாள்.

உச்சியிலிருந்து பார்த்தால் சுற்றியுள்ள குன்றுகள் எல்லாம் தெரியும். தூரத்தில் குவாரிக் குழிகளும் தெரியும். இந்த மாவட்டத்தில் கல்லுக்கு விலை உண்டு. எந்தக் கல் விலைக்கு, எந்தக் கல் பிள்ளைகளுக்கு என்பதை நாம் கறாராகப் பிரித்து வைக்காவிட்டால் ஏறுவதற்குக் குன்று மிஞ்சாது.

இன்னொரு நாள் கிடைத்தால் குடுமியான்மலை. அங்கே 7ஆம் நூற்றாண்டில் பாறையில் சுரங்களை வரிவரியாக வெட்டி வைத்த இசைக் கல்வெட்டைப் பார்க்கலாம். மலையின் நெற்றியில் நாயன்மார் 63 பேரும் வரிசையாக நிற்பதைக் கீழேயிருந்தே காட்டலாம். தெற்கே திருமயம். 1687இல் சேதுபதி கட்டிய கோட்டை, உச்சியில் பீரங்கி. பீரங்கி ஒன்றுக்காகவே பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஏறிவிடுவார்கள். அடியில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரைகள்.

வெயிலுக்கு முன் கிளம்புங்கள். மார்கழி முதல் மாசி வரை நல்ல பருவம், சித்திரையிலும் வைகாசியிலும் பாறை சுடும். மேலே தண்ணீர் கிடைக்காது, ஆளுக்கு ஒரு பாட்டில் எடுத்துப் போய்க் காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். முடிந்தால் முதலில் திருக்கோகர்ணத்தில் 1910 முதல் இருந்துவரும் அருங்காட்சியகத்தைக் காட்டிவிட்டு, பிறகு குன்றுக்கு அழைத்துப் போங்கள், பிள்ளைகள் கேட்கும் கேள்வி கூடும். ஓவியத்தில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் அப்பத்தாவோ அம்மாச்சியோ இருந்தால், முட்டி வலி என்று சொன்னாலும் ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.